ஓமந்தூர் புல்லட்டை ஓடவைத்தேன்

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்ட நான், 1984-இல் திண்டிவனத்தில் மெக்கானிக் கடை போட்டேன். ஓமந்தூர் பச்சைமுத்து, அதிகம் ஓட்டாமலே மல்லாட்டை என்னும் நிலக்கடலை போடும் கொட்டகையில் பல வருடம் நிறுத்தியிருந்த புல்லட்டைக் கொண்டுவந்து, அன்றே அதில் திருவக்கரைக் கோயிலுக்குப் போகவேண்டும் என்றார். கார்புரேட்டரைக் கழுவி, பிளக் மாற்றி உதைத்தேன், முழங்கியது. ஆனால் தெருமுனை தாண்டியதும் நின்றது.

எதிர்க்கடை வீரமுத்து சிரித்தான். "இன்னாய்யா, திருவக்கரைக்குத் தள்ளிக்கினே போவப் போறியா?"

"இன்னிக்கி அதுவரிக்கும் ஓடலன்னா என் கடைப் பலகைய நீயே கழட்டிக்கோ!"

டேங்க் மூடியைத் திறந்தால் வண்டி ஓடியது, மூடினால் நின்றது. மூடியை உற்றுப் பார்த்தேன். ஆயுத பூசைதோறும் பச்சைமுத்து அப்பிய சந்தனம் காற்றுத் துளையில் கல்லாகியிருந்தது. காற்று புகாமல் பெட்ரோல் எப்படி இறங்கும்? ஊசியால் குத்தி எடுத்தேன்.

அவரையே பின்னால் உட்காரவைத்து, திருவக்கரைக்கு நிற்காமல் போய்த் திரும்பினேன். வீரமுத்து கடை வாசலில் மட்டும் நிறுத்தி, ஹாரனை ஆசை தீர அடித்தேன். என் பலகை இன்றும் அங்கேதான் தொங்குகிறது.