சூடு என்பது யாதெனில்

கல்முனை பஸாரில் என் தையல் கடைக்கும் சபூறாவின் தட்டச்சுக் கடைக்கும் நடுவில் ஒரே ஒரு பலகைத் தட்டிதான். நானும் அவளும் ஒன்றாகப் படித்தவர்கள். அவள் மருதமுனையில் தறிக்காரக் குடும்பத்தில் பிறந்து கல்முனைக்குடியில் வாழ்க்கைப்பட்டவள். அவள் கடைக்குள் போகும் எந்தக் கடிதமும் திருத்தப்படாமல் வெளியே வராது. ஒருமுறை கலியாணக் கார்டில் மாப்பிள்ளையின் பெயரையே இலக்கணப் பிழை என்று மாற்றிவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் சண்டைக்கு வந்தபோது, பெயர் வைத்தவர்களைப் போய்க் கேளுங்கள் என்று அனுப்பிவைத்தாள். அவளோடு கதைத்து வென்றவர் யாரும் இல்லை.

அப்படிப்பட்டவள் இறக்காமத்து ஸஹீதைக் கிட்டத்தட்ட மறியல் சிறைக்கு அனுப்பப் பார்த்தாள். நடந்ததை அவள் பாதியும் ஸஹீத் பாதியுமாகச் சொல்லிச் சொல்லி, நானும் கூடப் போய்வந்த மாதிரி ஆகிவிட்டது.

ஸஹீத் வட்டவிதானை. தண்ணீர் திறப்பது முதல் வரப்புச் சண்டை தீர்ப்பது வரை பார்க்க வயற்காரர்கள் தங்களுக்குள் தெரிவு செய்துகொள்ளும் ஆள். போன போகத்தில் அறுவடை முடிந்த மறுநாளே அவனுடைய நெல்லை யானை தின்று மிதித்துவிட்டது. நட்டஈடு கேட்டுப் போனால், வயலில் நின்ற பயிருக்குத்தான் தரலாம், அறுத்துவிட்டால் அது பயிர் இல்லை என்று மனுவைத் திருப்பிவிட்டார்கள். அறுத்தால் அது பயிர் இல்லாமல் பாயா என்று என்னிடம் வந்து கோபித்தான். அந்த நேரம் பார்த்துப் பாராளுமன்றத்தில் காட்டு யானைச் சேதத்துக்கு ஒரு சட்டமூலம் வந்தது. அதைப் பரிசீலிக்கும் குழு பொதுமக்களிடமும் திருத்தம் கேட்டது. சட்டமூலத்தின் ஏழாம் வாசகத்திலும் அதே ‘வயலில் நிற்கும் பயிர்’தான். அதை இப்போது மாற்றாவிட்டால் இனி ஆயுசுக்கும் மாறாது என்று ஸஹீத் ஒரு கொப்பித் தாளில் எழுதிக்கொண்டு சபூறாவிடம் வந்தான்.

அவன் எழுதியது மூன்றே வரி. பள்ளக்காணியில் அறுவடை மெசின் இறங்காது. ஆகவே கையால் அறுத்து ஒவ்வொரு போகமும் சூடு வைத்தே ஆகவேண்டும். யானையால் சூடு சேதமானாலும் நட்டஈடு வேண்டும்.

சூடு என்றால் அறுத்த கதிரைக் கட்டி வட்டமாக அடுக்கிவைக்கும் குவியல். வயற்காரருக்கு இது தண்ணீர் குடிப்பது மாதிரித் தெரிந்த சொல். ஆனால் சபூறாவுக்குத் துண்டுக் காணியும் கிடையாது, சோற்றுப் பானைக்கு அப்பால் வெள்ளாமையும் தெரியாது. விசாரணைகளுக்கும் ஆணைக்குழுக்களுக்கும் இருபது வருடமாகச் சத்தியக் கடதாசி அடித்துக் கொடுத்தவள். கை நோகிறது என்று கணினிக்கு ஒரு குறுக்குவழி பழக்கிவைத்திருந்தாள். ‘சூடு’ என்று அடித்தால் முன்னால் ‘துப்பாக்கிச்’ தானாக வந்து சேரும்.

வந்து சேர்ந்தது. ‘துப்பாக்கிச் சூடு வைத்தே ஆகவேண்டும்’ என்று வந்ததைப் பார்த்து, துப்பாக்கிச் சூட்டை யாராவது வைப்பார்களா, நடத்துவார்கள் என்று அதையும் திருத்தினாள். யானை வந்த வரியையும் அதற்கேற்ப மாற்றினாள். கடைசியில் அந்தக் கடிதம், ஒவ்வொரு போகமும் துப்பாக்கிச் சூடு நடத்தியே ஆகவேண்டியிருப்பதாகவும், யானை மீதான துப்பாக்கிச் சூட்டில் ஏற்படும் சேதத்துக்கு அரசாங்கம் நட்டஈடு தரவேண்டும் என்றும் பணிவோடு வேண்டிக்கொண்டது. சபூறா ராத்தா அடித்தால் பிழை இருக்காது என்று ஸஹீத் படிக்காமலே கையெழுத்து வைத்தான்.

குழு உடனே அழைத்தது. அழைக்காமல் என்ன செய்யும்? பாராளுமன்ற முத்திரை போட்ட கடிதத்தைப் பிரதி எடுத்துச் சபூறா கடைக் கண்ணாடியில் ஒட்டினாள். பஸார் முழுக்க வந்து பார்த்தது. மூன்றாம் நாள் ஸஹீத் முகம் வெளிறி ஓடிவந்தான். அதிகாரி ஒருவர் தொலைபேசியில் அவனிடம் யானை சுட எத்தனை துவக்கு இருக்கிறது என்று கேட்டாராம். அப்போதுதான் இருவரும் கடிதத்தை உரத்துப் படித்தார்கள். நான் தட்டிக்கு இந்தப் பக்கம் வாயில் துணியை அடைத்துக்கொண்டு சிரித்தேன். சபூறா சிரிக்கவில்லை. கடையைப் பூட்டினாள், அபாயாவை மாற்றினாள், நானும் வாறன் என்றாள்.

பாராளுமன்ற வாசலில் அவளுடைய பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துவைத்துக்கொண்டு உள்ளே விட்டார்கள். நீள மேசை. நடுவில் தவிசாளர், இரு பக்கமும் நால்வராக எட்டு உறுப்பினர்கள். எல்லோர் காதிலும் மொழிபெயர்ப்புக் கருவி, எல்லோர் முகத்திலும் ஸஹீதைப் பிடித்துக் கொடுக்கும் நினைப்பு. திருத்தம் வாசிக்கப்பட்டது. ஸஹீத் எழுந்தான். அவன் வாய் திறக்குமுன் சபூறா எழுந்தாள்.

“அது இவர்ட பிழை இல்ல சேர். இவர் சூடு மட்டுந்தான் எழுதின. துப்பாக்கிய வெச்சது நான்.”

காதுக் கருவியில் அது மொழிபெயர்ந்து போய்ச் சேர்ந்ததும் மேசை ஒரே நேரத்தில் பின்னால் சாய்ந்தது. வாசலில் நின்ற காவலர் ஓரடி உள்ளே வந்தார். பிறகு மெல்ல மெல்ல விளங்கப்படுத்தி, துப்பாக்கியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சூடு என்றபோது, மொழிபெயர்ப்பாளர் அதை வெப்பம் என்று சொல்லிவிட்டார். யானைக்கும் வெப்பத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஓர் உறுப்பினர் கேட்டார்.

இனிப் பொறுக்க முடியாது என்று ஸஹீத் மேசைக்கே போய்விட்டான். உறுப்பினர்கள் முன்னால் கிடந்த திருத்தத் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சுருட்டினான். சுருட்டியதையெல்லாம் நுனி உள்ளே, அடி வெளியே என்று வட்டமாக அடுக்கினான். ஒரு முழ உயரத்துக்கு அழகான சூடு எழுந்தது. பொலன்னறுவைப் பக்கத்து உறுப்பினர் ஒருவர் அதைப் பார்த்துச் சிங்களத்தில் பெரிதாகச் சிரித்து, இது எங்கள் வயலிலும் இருக்கிறதே என்றார். யானை என்ன செய்யும் என்று அவர் கேட்க, ஸஹீத் கையைத் துதிக்கையாக்கி ஒரு வீசு வீசினான். ஏழாம் வாசகம் தேநீர்க் கோப்பைக்குள் விழுந்தது.

அதற்குப் பிறகுதான் வேலையே தொடங்கியது. வெளியார் வந்து சொல்வதால் திருத்தத்தில் ஓர் எழுத்தும் மாறாது. பொலன்னறுவைக்காரர் திருத்தத்துக்கு ஒரு திருத்தம் முன்மொழிந்தார், இன்னொருவர் வழிமொழிந்தார். தாள்கள் எல்லாம் கலைந்துகிடந்ததால், வாசகத்தை மனப்பாடமாக வைத்திருந்த சபூறாவையே புதிதாக எழுதித்தரச் சொன்னார்கள். சூடு என்பது அறுத்த நெற்கதிரைக் கட்டி, கதிர் உள்ளே இருக்க வட்டமாக அடுக்கிய குவியல் என்று பொருள்விளக்கமும் சேர்த்து எழுதினாள். துப்பாக்கியை எடுத்து அந்த விளக்கத்தைச் சேர்ப்பதற்கு முதல் வாக்கெடுப்பு. அப்படித் திருந்திய திருத்தத்தை ஏற்பதற்கு இரண்டாவது. திருத்தத்தோடு சேர்ந்த ஏழாம் வாசகம் முழுவதற்கும் மூன்றாவது. கடையில் ஒரு விசையை அமுக்கினால் போகிற சொல்லுக்கு இத்தனை கை தூக்கல். சபூறாவுக்கு அது பிடித்துப்போனது. ஒரு சொல்லுக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கும் இடத்தை அவள் முன்பு கண்டதில்லை.

முதலாவது ஐந்துக்கு மூன்றில் நிறைவேறியது. இரண்டாவதில்தான் சிக்கல். அறுத்த நெல்லைச் சேர்த்தால் நாளை வீட்டு மூட்டையையும் கேட்பார்கள் என்று ஒருவர் பக்கம் மாறினார். நாலுக்கு நாலு. இனித் தவிசாளரின் வாக்குத்தான். அவர் ‘இல்லை’ என்று சொன்னால் திருத்தம் விழும், ஸஹீதின் நெல் மறுபடியும் பாயாகிவிடும். சமநிலை வந்தால் சட்டமூலத்தை இருந்தபடி விடுவதே வழக்கம் என்று செயலாளர் மெல்ல நினைவூட்டினார். தவிசாளர் கண்ணாடியைக் கழற்றினார். இத்தனை திருத்தமாக எழுதும் உங்களுக்குத் துப்பாக்கி எப்படி வந்தது என்று சபூறாவைக் கேட்டார்.

“நான் வளந்த காலத்துல எங்கட பக்கம் சூடு எண்டா அது ஒண்டுதான் சேர். ஆர்ட புள்ளைக்கு, எந்தச் சந்தியில எண்டு இருவது வருஷமா அடிச்சிக் குடுத்திரிக்கன். நெல்லுக்கும் அந்தப் பேர் இரிக்கெண்டு எனக்குத் தெரியாமப் போயிட்டு.”

காதுக் கருவியில் அதைக் கேட்டு முடித்ததும் தவிசாளர் மேசையில் சிதறிக்கிடந்த சுருள்களையே பார்த்தார். பிறகு தன் வாக்கு ஆம் என்று சொல்லி, அதைப் பதியும்படி செயலாளரிடம் சொன்னார்.

மூன்றாவது வாக்கெடுப்பில் எதிர்த்திருந்த நால்வரும் சேர்ந்தே கை தூக்க, செயலாளர் கைகளை எண்ணிவிட்டுத் திரும்பவும் எண்ணினார். எட்டுப் பேருக்குப் பத்துக் கை. பின்வரிசையில் சபூறாவும் ஸஹீதும் கையை உயர்த்தி, “ஓம், ஓம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். தவிசாளர் சிரித்துவிட்டு அந்த இரண்டையும் கழிக்கச் சொன்னார். ஏழாம் வாசகம் ஒருமனதாக நிறைவேறியது.

சட்டமூலம் இனிச் சபைக்குப் போகவேண்டும், அங்கே இன்னொரு வாக்கெடுப்பு இருக்கிறது. ஸஹீத் அதற்கும் கை தூக்கத் தயார். திங்கட்கிழமை காலையில் அவன் ஒரு பை நெல்லரிசியோடு கடைக்கு வந்தபோது சபூறா என்னையும் கூப்பிட்டாள். கணினியில் அந்தக் குறுக்குவழியைத் தேடிப் பிடித்து அழித்தாள். அழித்த பிறகும் நம்பிக்கை வரவில்லை. விசைப்பலகையை இழுத்து வைத்து ‘சூடு’ என்று மெதுவாக அடித்தாள். நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தோம். சொல் தனியாக நின்றது. எனக்கு எதற்கென்று தெரியாமல் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

“வரல்ல,” என்றாள் சபூறா.