இரண்டும் வலது கை

இருதயமேரி தைத்த பிளவுஸில் ஒரு சுருக்கம் விழுந்ததாகத் தாராவியில் சரித்திரம் இல்லை. அந்தச் சரித்திரத்தைச் சொல்லித் திரிந்தவள் அவளேதான்.

பழைய பிளவுஸ்களைப் பிரித்துப் பார்த்தே தையல் கற்றவள், இப்போது ஆன்லைனில் வகுப்பு எடுத்தாள். முதல் நாளே சட்டம் போட்டாள்: எல்லோரும் மைக்கை அணைக்க வேண்டும். குக்கர் விசிலுக்கும் லோக்கல் ரயிலுக்கும் நடுவே அளவு சொல்வது எப்படி? அணைத்தார்கள். பிறகு கேமராவையும் அணைத்தார்கள். பிறகு சிலர் வரவேயில்லை. வகுப்பில் ஒட்டுதல் இல்லையே என்று அவள் வருந்தத் தொடங்கியது அப்புறம்தான்.

ஏதோ வீடியோ சொன்னபடி, "ஒவ்வொருத்தரும் பிடிச்ச நிறம் சொல்லுங்க," என்று கேட்டாள். கறுப்புக் கட்டங்கள் அசையவில்லை. கட்டிலில் கிடந்த கணவர் மிக்கேல்ராஜ் மட்டும் "நீலம்" என்றார்.

"நீங்க சும்மா கெடங்க."

"கிளாஸ் எடுக்கியா, ஜெபக்கூட்டம் நடத்துதியா? ஒரு சத்தத்தையும் காணோம்."

"ஜெபத்துலயாவது ஆமென் சொல்லுவாவ."

அடுத்த பாடம் பிளவுஸின் கை வெட்டுவது. இதற்கும் கூட்டம் குறைந்தால் வகுப்பை மூடிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். வழக்கமாகத் துணியை மடித்து இரண்டு கைகளையும் ஒன்றாக வெட்டுவாள். மடிப்பு போனில் தெரியாதே என்று, மஞ்சள் பூப்போட்ட துணியை ஒற்றையாக விரித்து, மாதிரித் தாளை வைத்து ஒரு கையை வெட்டினாள். தாளைத் திருப்பாமல் நகர்த்தி வைத்து அடுத்ததையும் வெட்டினாள். கையின் முன்பக்கம் சற்று ஆழமாக வளைய வேண்டும் என்ற விளக்கமும் கூடவே ஓடியது.

இரண்டையும் தூக்கிக் காட்டினாள். "ஒரு நூல் வித்தியாசம் பாக்க முடியாது."

உண்மைதான். வித்தியாசம் இருந்திருக்க வேண்டும்.

ஒரு மைக் திறந்தது. கல்யாணிலிருந்து ஷாலினி. "அக்கா, தப்பா நினைக்காதீங்க. ரெண்டும் ரைட் கைதானே?"

அக்காவால் தப்பாக மட்டுமல்ல, எதையுமே நினைக்க முடியவில்லை. துணியில் ஒரு பக்கம்தான் பூ. திருப்பிப் போட்டும் தப்ப வழியில்லை.

"ரெண்டு வலது கை உள்ளவ எவளாவது வருவா, எடுத்து வையி," என்றார் மிக்கேல்ராஜ்.

எங்கோ சிரிப்பு வெடித்தது. செம்பூர் வந்தனாவின் முகம் முதல்முறையாகத் தெரிந்தது. "அரே அக்கா, போன வாரம் நானா வெட்டிப் பாத்தேன், இப்படித்தான் ஆச்சு. நீங்க திட்டுவீங்கன்னு ஒளிச்சு வச்சிருக்கேன்."

"எந்தக் கை?"

"ரெண்டும் லெஃப்ட்."

இருதயமேரி மஞ்சள் கைகளில் ஒன்றைத் தனியே எடுத்து வைத்தாள். "அப்ப ஒண்ண எனக்குத் தா. என்னுதுல ஒண்ண நீ வச்சுக்கோ."

சயான் ஸ்டேஷனில் இருவரும் சந்தித்துக் கைகளை மாற்றிக்கொண்டார்கள். அடுத்த வகுப்பில் இருதயமேரி ஒரு கை மஞ்சளும் ஒரு கை வந்தனாவின் நீலமுமாகப் பிளவுஸ் போட்டு உட்கார்ந்தாள். கட்டங்களில் முகங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. நின்றுபோனவர்களில் இரண்டு பேர்கூட வந்திருந்தார்கள்.

"சுருக்கம் இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க," என்றாள்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நடுவில் ஒரு குக்கர் வேறு. "இருக்கு" என்று யாரோ சொன்னது போலத்தான் கேட்டது. யார் என்று கண்டுபிடிக்க அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் மைக்கை அணைக்கச் சொல்லவில்லை.