கிருபாவதி டீச்சரின் மணல் தொட்டி

கிருபாவதி டீச்சர், தமிழ் அதிகம் காதில் விழாத வெளிமாநிலத்து வானவடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷமாக ஒன்றாம் வகுப்பு நடத்துகிறவர். நாற்பது பிள்ளைகளை அடக்க அவரிடம் இருந்தது குரல் ஒன்றுதான். போன ஜூனில் அதுவும் உடைந்தது. தொண்டையில் இரண்டு சின்னக் கட்டிகள். அவற்றை எடுத்த டாக்டர், மூன்று வாரத்துக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது, கிசுகிசுப்பும் ஆகாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். டீச்சர் ஒரு நோட்டும் பேனாவுமாக வீடு திரும்பினார்.

கணவர் வால்டர் ராணுவ கேண்டீனில் ஸ்டோர் பார்ப்பவர். இயல்பிலேயே பேசாதவர். வீட்டில் இத்தனை வருஷம் கேட்ட பேச்செல்லாம் மனைவியுடையது என்பது அந்த முதல் மூன்று நாளில்தான் அவருக்கு உறைத்தது.

நாலாம் நாள் டாக்டரைப் பார்க்கப் போனார்கள். காத்திருக்கும் அறையில் ஒரு மீன் தொட்டி. அடியில் மெல்லிய மணல். விரல் நீள மீன்கள் மூன்று, மீசையோடு, மூக்கை மணலுக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தன. டீச்சர் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெயரை இரண்டு தடவை கூப்பிட்டும் அவர் காதில் விழவில்லை.

வெளியே வந்ததும் வால்டர் கேட்டார். "நம்ம வீட்டுக்கும் ஒண்ணு வாங்கலாமா?"

டீச்சர் நோட்டில் எழுதினார்: "மணல் போட்டது."

பக்கத்துக் கோந்த்வாவில் மீன் தொட்டிக் கடைக்காரர் அதுதான் சரி என்றார். டாக்டர் அறையில் பார்த்தவை கோரி என்ற மீன்களாம்; கூழாங்கல்லில் துழாவினால் அவற்றின் மீசை தேய்ந்துவிடுமாம். ஆனால் ஃபில்டரைப் போட்டுத் தண்ணீரை ஒரு மாதம் மீனில்லாமல் ஓடவிட்டு, அப்புறம் மீன் வாங்க வாருங்கள் என்றும் சொன்னார்.

மணலைப் பால்கனியில் வைத்துக் கழுவினார்கள். முதல் வாளித் தண்ணீர் டீ நிறத்தில் வந்தது. ஒன்பதாவது வாளியில்தான் தெளிந்தது. வால்டர் குழாயை நேரே தொட்டிக்குள் விட, மணல் குபீரென்று கிளம்பித் தொட்டியே கலங்கிப்போயிற்று. டீச்சர் அதை இறைத்துவிட்டு, மணல்மேல் ஒரு சாப்பாட்டுத் தட்டை வைத்து, தட்டின்மேல் மெதுவாக ஊற்றிக் காட்டினார். இந்தத் தடவை ஒரு மணியும் எழும்பவில்லை.

ஒரு மாதம் காத்திருக்க வால்டருக்குப் பொறுக்கவில்லை. மனைவி வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, மறுநாளே நாலு கோரி மீன்களை வாங்கி வந்துவிட்டார். மூன்றாம் நாள் ஒன்று செத்தது. அடுத்த நாள் இன்னொன்று. டீச்சரால் சத்தம் போட்டு அழக்கூட முடியவில்லை.

லிஃப்டில் ஒருநாள் மேல்வீட்டு ராஜஸ்ரீயின் கையில் மீன் தீனி டப்பாவைப் பார்த்தது வால்டருக்கு ஞாபகம் வந்தது. கோயம்புத்தூர்க்காரி, சாஃப்ட்வேர் வேலை. அவளிடம் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று படியேறிப் போய்க் கதவைத் தட்டினார்.

ராஜஸ்ரீ தண்ணீரைச் சோதிக்கும் மருந்தோடு இறங்கி வந்தாள். "டீச்சரக்கா, நீங்க பேச வேண்டாங்க. தலைய ஆட்டுனாப் போதும்."

மஞ்சளாக இருக்க வேண்டிய சோதனைக் குழாய் பச்சையாக மாறியது.

"மீனோட கழிவே மீனுக்கு விஷமாயிருதுங்க. அதைத் தின்னுற கிருமி மணல்லயும் ஃபில்டர்லயும் ஒட்டி வளரணும். கழுவுன புது மணல்ல அது எங்கீங்க இருக்கும்?"

"நான்தான் அவசரப்பட்டுட்டேன்," என்றார் வால்டர்.

டீச்சர் நோட்டில் எழுதி அவர் பக்கம் திருப்பினார்: "எனக்காகத்தான வாங்குனீங்க."

ராஜஸ்ரீ மேலே போய், மூன்று வருஷமாக ஓடும் தன் ஃபில்டரின் பஞ்சில் பாதியை வெட்டி, தன் தொட்டித் தண்ணீரிலேயே நனைத்து எடுத்து வந்து இந்த ஃபில்டரில் வைத்தாள். அன்றிலிருந்து பத்து நாள், வேலை முடிந்ததும் வந்துவிடுவாள். முந்தின நாளே குளோரினைப் போக்கும் மருந்து விட்டு வைத்த தண்ணீரில் கால் தொட்டி மாற்றுவார்கள். ரப்பர் குழாயை மணலில் குத்தாமல் ஒரு விரல் மேலே பிடித்தால் அழுக்கு மட்டும் ஏறும் என்று காட்டினாள். மணலுக்குள் கெட்ட காற்று தங்காமலிருக்க வாரம் ஒரு தடவை குச்சியால் மெல்லக் கிளறிவிடச் சொன்னாள்.

வேலை நடக்கையில் ராஜஸ்ரீதான் பேசிக்கொண்டே இருப்பாள். ஆபீஸ், அம்மாவின் முட்டி வலி, விட்டுப்போன ஒரு சம்பந்தம். ஒருநாள் சட்டென்று நிறுத்தினாள்.

"தமிழ்ல இவ்வளவு பேசி ரொம்ப நாளாச்சுங்க. உங்களுக்குத் தொந்தரவா இருக்குதுங்களா?"

டீச்சர் அவள் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு, இல்லை என்று தலையாட்டினார்.

மிச்சமிருந்த இரண்டு மீன்களும் தேறிவிட்டன. டாக்டர் முதலில் ஐந்து நிமிஷம் பேச அனுமதித்தார். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால், எப்போதும் டீச்சர் செய்கிற ஜெபத்தை வால்டர் தயங்கித் தொடங்கினார். டீச்சர் கையமர்த்தினார். குரல் கரகரத்து, கனத்து வந்தது.

"ஆண்டவரே, இவருக்காக ஸ்தோத்திரம். மேல்வீட்டு ராஜஸ்ரீக்காக ஸ்தோத்திரம். பிழைச்ச ரெண்டு மீனுக்காகவும் ஸ்தோத்திரம்."

வால்டர் ஆமென் சொல்லி, முதல் கரண்டிச் சோற்றை மனைவியின் தட்டில் போட்டார்.

ஆகஸ்ட் கடைசியில் டீச்சர் பள்ளிக்குத் திரும்பினார். சேலையில் குத்திக்கொள்ளும் சின்ன மைக் ஒன்று கொடுத்தார்கள். தணிந்த குரலைக் கேட்கப் பிள்ளைகள் தாமாகவே வாயை மூடிக்கொள்வது அவருக்கு ஆச்சரியமாக இருக்கிறது. தொட்டிக்கு இன்னும் நாலு கோரி வந்திருக்கின்றன. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, டீச்சர் மீன் குழம்பு வைக்காமல் சாம்பார் வைக்கிறார். சாப்பிட வரும் ராஜஸ்ரீ சைவம்.