எட்டுப் பத்து வண்டியின் பாட்டுகள்

பஸ்ஸின் பாட்டுப் பெட்டியில் செருகியிருந்த அந்தப் பென்டிரைவுக்கு ஒரு சிவப்பு நூல் கட்டியிருக்கும். பின்பக்கம் உடைந்துபோனதால் விரலால் பிடித்து இழுக்க வராது. அதற்காக டிரைவர் அண்ணன் கட்டிய நூல். வண்டி கிளம்பியதும் இன்ஜினின் நடுக்கம் அந்த நூலில் ஏறும். ராமநாதபுரத்தில் காலை எட்டுப் பத்துக்கு நடுங்கத் தொடங்கி, தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, உப்பூர் என்று நின்று நின்று போய், ஒன்பது நாற்பதுக்கு ஆர்.எஸ்.மங்கலத்தில் அடங்கும். பதினான்கு மாதம் இன்ஜினை ஒட்டிய முதல் சீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறேன். எம்.எஸ்சி. முடித்த கையோடு அந்த ஊரில் ஓர் அலுவலகத்தில் ஒப்பந்த வேலை. யார் யாருடைய பெயரையோ விலாசத்தையோ காலையிலிருந்து மாலை வரை கணினியில் ஏற்ற வேண்டும். இருபத்து நான்கு வயதில் ஒருவருக்கு அவ்வளவு அலுப்பு வரக்கூடாது. எனக்கு வந்தது. அதிலிருந்து தப்பிக்க நான் வைத்திருந்த ஒரே வழி புதிய பாட்டுகள்.

புதிய பாட்டு என்றால் சினிமாவில் வந்த புதுப் பாட்டு இல்லை. வாடகை அறையில் மெத்தையைச் சுவரில் சாய்த்து வைத்து, எதிரொலி அடங்கிய பிறகு யாரோ இருவர் பதிவு செய்து வெளியிடுவார்களே, அது. கேட்டது நாற்பது பேர் என்றால் நாற்பத்தோராவது ஆளாக நான் இருக்க வேண்டும். கண்டுபிடித்ததும் எல்லாருக்கும் அனுப்புவேன். அம்மாவுக்கு, கல்லூரித் தோழிகளுக்கு, அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரருக்கு. கேட்டேன் என்று சொன்னவர்கள் பெரும்பாலும் பொய் சொன்னார்கள். அதுவும் எனக்குத் தெரியும். இருந்தாலும் அனுப்புவேன்.

இப்படிப்பட்டவள் போய் உட்கார்ந்த வண்டியில் தினமும் அதே இருபத்திரண்டு பாட்டு. எல்லாம் பழைய சினிமாப் பாட்டு, அதே வரிசை. முதல் வாரம் சிரிப்பு வந்தது. மூன்றாம் மாதம் தலைவலி வந்தது. ஐம்பதைத் தாண்டிய அந்த மனிதர் தன் இளம் வயதிலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறார், கைகொடுத்து இந்தப் பக்கம் இழுத்துவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு எண்ணம் உண்டாயிற்று. ஒருநாள் ஆர்.எஸ்.மங்கலத்தில் எல்லாரும் இறங்கிய பிறகு, "இந்தப் பாட்டெல்லாம் உங்களுக்கு ரொம்பப் பிடிக்குமாண்ணே?" என்று கேட்டேன். எனக்கு அலுவலகம் பத்து மணிக்கு. வண்டிக்கும் அங்கே இருபது நிமிட ஹால்ட்.

அவர் வேர்வைத் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அதக் கேட்டுப் பத்து வருசம் இருக்கும் பாப்பா."

"தினமும் ஓடுதே."

"ஓடுது. நான் கேக்கல."

பிறகுதான் விளக்கினார். எங்களுக்கு ஆறு நிமிடம் முன்னால் ஒரு வண்டி, ஆறு நிமிடம் பின்னால் ஒரு வண்டி. இரண்டும் வேறு முதலாளிகளுடையவை. நாங்கள் முந்திப் போனால் முன்வண்டிக்காரர்களின் ஆட்களை ஏற்றிவிட்டோம் என்று சண்டை. பிந்தினால் பின்வண்டி வந்து முட்டும். டேஷ்போர்டு கடிகாரம் செத்து வெகுகாலம். ஓட்டும்போது செல்போன் கூடாதென்று முதலாளி உத்தரவு. அது கண்டக்டர் பையில் கிடக்கும். கையில் கடிகாரம் உண்டு. ஆனால் "ஆடும் மாடும் ரோட்டுல படுத்துக் கெடக்குற ஊர்ல கண்ண எடுத்துக் கையப் பாக்க முடியுமா?" என்றார். ஆகவே பாட்டுதான் கடிகாரம். ஒன்பதாவது பாட்டின் இரண்டாம் சரணத்தில் தேவிபட்டினம் முக்கைத் தொட்டால் நேரம் சரி. பதினான்காவது பாட்டு தொடங்கும்போது திருப்பாலைக்குடியை விட்டு வெளியே இருக்க வேண்டும். வண்டி முந்தியிருந்தால் காலைத் தளர்த்துவார், பிந்தியிருந்தால் மிதிப்பார்.

அதற்குப் பிறகு கவனித்துப் பார்த்தேன். டிரைவர் மட்டும் இல்லை, வண்டியே அப்படித்தான் வாழ்ந்தது. கண்டக்டர் எட்டாவது பாட்டுக்குள் டிக்கெட் போட்டு முடித்துவிடுவார். திருப்பாலைக்குடியில் மீன் சட்டியோடு ஏறும் அக்கா ஒருவர், ஏறியதும் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவார். விடியுமுன்னே கரைக்குப் போய் மீன் எடுத்த அலுப்பு. தவிலும் நாகசுரமுமாகப் பத்தொன்பதாவது பாட்டு ஆரம்பித்ததும் தானாக எழுந்து சேலையை உதறிச் சும்மாட்டைச் சுற்றுவார். அது முடியும்போது கண்மாய்க்கரை ஸ்டாப் வந்திருக்கும். அங்கே இறங்கி ஊருக்குள் மீன் விற்கப் போவார். யாரும் அவரை எழுப்பி நான் பார்த்ததில்லை.

இது தெரிந்த பிறகாவது நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்கோ, பத்து வருடமாகப் பாட்டுக்குள்ளேயே உட்கார்ந்து பாட்டுக் கேட்காத ஒரு மனிதர் என்பது தாங்க முடியாததாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து முப்பது பாட்டுகளைத் தேர்ந்து ஒரு பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுத்தேன். "ஹால்ட்டில மட்டும் போட்டுப் பாருங்கண்ணே" என்றேன்.

முதல் நாள் ஒன்றைக் கேட்டுவிட்டு, "இது பாட்டா, மிக்ஸி ஓடுதா?" என்றார். இரண்டாவதைக் கேட்டதும் கண்டக்டர், "யாரோ பல்லு வலியில கத்துறான் பங்காளி, டாக்டர்கிட்ட அனுப்பு" என்றார். இப்படியே ஒரு வாரம் போனது. எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ ஒரு பாட்டு வந்தது. ஒன்பது நிமிடம் ஓடக்கூடியது. கீழே ஒரே ஒரு நாதம் அசையாமல் நிற்கும். அதன் மேல் ஒரு பெண்குரல், சொல் ஏதும் இல்லாமல், வீட்டு வேலைக்கு நடுவே தனக்குத் தானே முனகுவதுபோல வரும், போகும். பல்லவி கிடையாது, சரணம் கிடையாது. அண்ணன் ஸ்டியரிங் மேல் இரண்டு கைகளையும் வைத்து அதன் மேல் தாடையை வைத்திருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். கண் திறந்திருந்தது. நேரமாகிவிட்டதென்று கண்டக்டர் விசில் ஊதியதும்தான் நிமிர்ந்தார்.

"இது அடுத்து எங்கன போகும்னே தெரியல பாப்பா" என்றார். சாவியைத் திருப்பிக்கொண்டே, "அது தெரியாம ஒரு பாட்டக் கேட்டு எம்புட்டு நாளாச்சு" என்றார்.

அந்தக் குரலில் இருந்தது சந்தோஷம் என்று அன்று எடுத்துக்கொண்டேன். இன்று நினைத்தால், அது ஓய்வில்லாத மனிதர் கண நேரம் உட்காரக் கிடைத்தபோது விடுகிற மூச்சு மாதிரி இருக்கிறது. அதன் பிறகு ஹால்ட்டில் அந்த ஒரு பாட்டைத்தான் போட்டார். மீன்கார அக்காவிடம் நீல வலைக்கயிறு ஒரு துண்டு வாங்கி என் பென்டிரைவுக்கும் கட்டினார்.

ஒரு வியாழக்கிழமை ராமநாதபுரத்திலேயே நீலக் கயிற்றை எடுத்துச் செருகினார். கண்டக்டர் பார்த்துவிட்டார். "வேணாம் பங்காளி. ஏற்கனவே ரெண்டு கம்ப்ளெயின்ட் இருக்கு. மூணாவது போச்சுன்னா மொதலாளி லைன்லேருந்து எறக்கிருவாக."

"ஒரே ஒரு நாளைக்கு, பங்காளி. கேட்டுக்கிட்டே ஓட்டிப் பாக்குறேன்."

கண்டக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எனக்குள் அவ்வளவு பெருமை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அண்ணன் கழற்றியிருப்பார்.

தேவிபட்டினம் வரை தவறில்லாமல் போனோம். பழக்கப்பட்ட கை, பழக்கப்பட்ட ரோடு. உப்பூர் தாண்டி அந்த ஒன்பது நிமிடப் பாட்டு வந்தது. வண்டி மெதுவாகிக்கொண்டே போனதை நான்கூட உணரவில்லை. கண்மாய்க்கரை வந்தது, போனது. தவிலும் நாகசுரமும் வரவில்லை, அக்காவும் எழவில்லை. அரைக் கிலோமீட்டர் தாண்டிய பிறகு விழித்துக்கொண்டு வண்டி அதிரக் கத்தினார். "ஏய்யா, பாட்ட மாத்திப்புட்டா நான் எங்கன எந்திரிக்க? ஏ கண்டக்டரு, உனக்காச்சும் வாயி இல்லையா?" சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வெயிலில் திரும்பி நடக்கமாட்டேன் என்று படியிலேயே உட்கார்ந்துகொண்டார். அவர் சொன்னதில் தவறே இல்லை. அண்ணன் பாதிப் பாட்டிலேயே நீலக் கயிற்றை இழுத்து எடுத்துவிட்டு வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டியதாயிற்று. கரைமேல் பாதி தூரம் ரிவர்ஸில் போய்க்கொண்டிருந்தபோது பின்வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனது. அதன் கண்டக்டர் படியில் தொங்கியபடி, "என்னண்ணே, பின்னாடியே ஊருக்குப் போயிரலாம்னு பாக்குறியா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

ஆர்.எஸ்.மங்கலத்தில் திரும்பும் நடைக்கு எங்களுக்காக நின்ற ஆட்களை எல்லாம் அந்த வண்டி ஏற்றிக்கொண்டிருந்தது. வாய்ச் சண்டை முற்றிக் கைகலப்பாகப் பார்த்தது. மாலைக்குள் புகார் முதலாளிக்குப் போய்விட்டது. மறுநாள் எட்டுப் பத்து வண்டியில் வேறொரு டிரைவர். அண்ணனை ஷெட்டில் ஸ்பேராக உட்காரவைத்துவிட்டார்கள். எந்த வண்டிக்காவது ஆள் வராவிட்டால் கூப்பிடுவார்கள். கூப்பிடாத நாளில் டயர்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

முதலாளியிடம் போய் என்னால்தான் எல்லாம் என்று சொல்லிவிடுகிறேன் என்று கிளம்பினேன். கண்டக்டர் தடுத்தார். "பாட்டுன்னு மட்டும் வாயத் தொறந்துறாத தாயி. மாடு குறுக்க வந்துச்சுன்னு அவரு சொல்லிருக்காரு. பாட்டுன்னு தெரிஞ்சா எல்லா வண்டிலயும் பாட்டு செட்டக் கழட்டிருவாக." ஊரில் எல்லாரிடமும் பாட்டைப் பற்றி ஓயாமல் பேசுகிற நான், அந்த ஒருமுறை பேசாமல் இருந்தேன். அவருக்காக நான் செய்த ஒரே காரியம் அதுதான்.

ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். சற்று இளைத்திருந்தார். சிவப்பு நூல் மறுபடி நடுங்கத் தொடங்கியது. இருபத்திரண்டு பாட்டும் வரிசை தவறாமல் ஓடின. பத்தொன்பதாவது பாட்டுக்கு அக்கா எழுந்து சும்மாடு சுற்றினார். இன்ஜின் சீட்டில் உட்கார வெட்கமாக இருந்ததால் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். வண்டி நின்றதும் முதல் ஆளாக இறங்கிப் போய்விடுவேன். அவராகவும் கூப்பிடவில்லை. ஒப்பந்தம் முடிந்து சென்னைக்கு வேலை கிடைத்துப் போனபோது சொல்லிக்கொள்ளவும் இல்லை.

சென்னையில் மூன்று வருடம். மின்சார ரயிலில் ஒன்றேகால் மணி நேரம், காதில் எந்நேரமும் பாட்டு. இப்போது நான் எதையும் தேடுவதில்லை. செல்போனே தேடிக் கொண்டுவந்து கொட்டுகிறது. முப்பது விநாடி கேட்பேன், தள்ளிவிடுவேன். அடுத்தது முப்பது விநாடி. யாருக்கும் அனுப்புவதில்லை. சில நாள் இரவுச் சாப்பாட்டின்போது யோசித்தால் காலையில் கேட்ட ஒரு பாட்டும் நினைவில் இருக்காது. எந்த ஸ்டேஷன் எப்போது வந்தது என்பதும் இருக்காது.

போன மாதம் பழைய அலுவலகத்தில் ஒரு சான்றிதழ் வாங்க வேண்டி எட்டுப் பத்து வண்டியில் ஏறினேன். அவர்தான் ஓட்டினார். மீசை முழுக்க நரைத்துவிட்டது. கண்ணாடியில் என்னைப் பார்த்ததும் இன்ஜின் சீட்டில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். போய் உட்கார்ந்தேன். தேவிபட்டினம் முக்கு ஒன்பதாவது பாட்டின் இரண்டாம் சரணத்தில் வந்தது. சாவிக்கொத்தில் நீலக் கயிறு ஆடிக்கொண்டிருந்தது. வெயிலுக்கும் வேர்வைக்கும் வெளுத்திருந்தாலும் நீலம்தான்.

ஆர்.எஸ்.மங்கலத்தில் எல்லாரும் இறங்கினார்கள். "எறங்கிறாத பாப்பா, செத்த இரு" என்றார். சிவப்பு நூலை இழுத்து எடுத்துவிட்டு நீலக் கயிற்றைச் செருகினார். அதே நாதம், அதே குரல். பாட்டுப் பெட்டியில் நிமிடம் ஓடுகிற சின்னக் கண்ணாடி மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். பழையபடி ஸ்டியரிங் மேல் தாடையை வைத்துக்கொண்டார். கண்டக்டர் டீக்கடையில் இருந்தார். ஹால்ட் முடிய இன்னும் நிறைய நேரம் இருந்தது. ஆனாலும் குரல் கொஞ்சம் தணிந்த இடத்தில் கையை நீட்டிக் கயிற்றை இழுத்துவிட்டார்.

"இன்னும் இருக்குண்ணே" என்றேன்.

"இருக்கட்டும். இதத் தாண்டி ஒரு நாளும் நான் போனதில்ல."

"ஏண்ணே?"

"முடியிற எடம் தெரிஞ்சிருச்சுன்னா, என்னை அறியாம அதுலயும் ஒரு ஸ்டாப்ப வச்சிருவேன்."

எனக்கு அந்த முடிவு தெரியும். குரல் ஓய்ந்து, நாதமும் ஓய்ந்து, எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது அந்தப் பெண் மறுபடி ஒரே ஒரு முறை மூச்சை இழுப்பாள். அவ்வளவுதான், அதோடு நின்றுவிடும். அதைச் சொல்லிவிட வாய் துடித்தது. பழைய நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். "சரிண்ணே, வாரேன்" என்று மட்டும் சொல்லிப் படியிறங்கினேன்.

கண்டக்டர் டீயைக் குடித்துவிட்டு வந்து விசில் ஊதினார். கீழே நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அண்ணன் நீலக் கயிற்றைச் சாவிக்கொத்தில் மாட்டிவிட்டுச் சிவப்பு நூலைச் செருகினார். இன்ஜின் உறுமியது. நூல் நடுங்கத் தொடங்கியது.