மூன்றுக்குப் பின்னால் ஒரு புள்ளி

நடுவில் புள்ளி வைத்த எண்ணைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். யாரோ எதையோ மறைக்கிறார்கள் என்று மனசு அடித்துக்கொள்ளும். கெட்ட புத்திதான், என்ன செய்ய. மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த சமயம், காஜா பேராங் பகுதியில் ஓர் ஐஸ் பேக்டரியில் டைப் அடித்தபோது தொற்றிக்கொண்டது.

மெஷினை எப்படி ஓட்டுவது, எப்படி நிறுத்துவது என்று ஒரு தாள் சுவரில் ஒட்டியிருக்கும். மேனேஜர் பென்சிலில் எழுதித் தருவார், நான் மலாயில் அடிப்பேன். தாளின் தலையில் ஓர் எண். 2 போய் 3 வந்தால் பெரிய மாற்றம். மெஷினை நிறுத்தி, எல்லாரையும் கூட்டி, வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் உரக்கப் படிப்பார், ஆளுக்கொரு கையெழுத்து. 3 போய் 3.1 வந்தால் ஏதோ எழுத்துப்பிழை என்று அர்த்தம். பழைய தாள்மேல் ஒட்டிவிட்டுப் போவோம். யாரும் படிக்கமாட்டார்கள், அந்த மெஷினை ஓட்டிய என் அண்ணன் உட்பட.

ஒருநாள் மேனேஜரின் பென்சில் எழுத்தில் 3.2 வந்தது. முந்தின நாள்தான் புது வால்வு மாட்டியிருந்தார்கள். அதுவரை மோட்டாரை நிறுத்திவிட்டு வால்வை மூடுவார்கள். இனிமேல் வால்வை மூடிய பிறகுதான் மோட்டாரை நிறுத்த வேண்டுமாம். பழக்கதோஷத்தில் பழையபடி செய்தால்? வால்வு மாட்டிய ஃபிட்டரைக் கேட்டேன்.

"உள்ள ஓடுற அமோனியா வாயு மூஞ்சியில அடிக்கும்மா. கண்ணு போயிரும்" என்றார், வெற்றிலையை மென்றபடி.

மேனேஜரிடம் போனேன். "இதுக்குப் புள்ளி போதுமா சார்?"

"ரெண்டு வரிதானே மாறுது. நாலுன்னு போட்டா அரை நாள் வேலை நிக்கும். ஐஸுக்குக் காத்துக்கிட்டிருக்கிற பண்டார் ஹிலிர் மீன்காரனுக்கு யார் பதில் சொல்றது?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். இந்த மனுஷன் புள்ளிக்குள் மறைத்தார். 4 என்றே அடித்து ஒட்டிவிட்டு என் மேசைக்கு வந்துவிட்டேன்.

மண்டோர் எண்ணைப் பார்த்தார். வழக்கப்படி, கூட்டத்தைக் கூட்டுவதற்கு முன் அண்ணனிடம் சொன்னார், "மெஷினை நிறுத்துப்பா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நிறுத்தும் முறை மாறியதைப் படிக்கவே முதலில் நிறுத்தியாக வேண்டும். அண்ணன் இன்னும் தாளைப் படிக்கவில்லை. நான் ஓடினேன். அவன் கை மோட்டார் சுவிட்சில் இருந்தது.

"அண்ணே, வால்வு முதல்ல!"

கையை எடுத்தான். என்னைப் பார்த்தான். வால்வை மூடினான், பிறகு சுவிட்சைத் தட்டினான். ஒன்றும் ஆகவில்லை.

அன்றே எனக்குச் சீட்டுக் கிழிந்தது. எண்ணை மாற்ற நான் யார் என்று கேட்டார் மேனேஜர். கேட்க வேண்டிய கேள்விதான்.

அடுத்த மாதம் 4.1 வந்தது, வேறு யாரோ அடித்தது. அண்ணன் அதைச் சுவரிலிருந்து உரித்து, பழைய தாளோடு வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

"என்னத்த மாத்தியிருக்கான்னு பாரு."

சோற்றைக்கூடத் தொடாமல் இரண்டையும் வரிவரியாக ஒப்பிட்டோம். ஒரே ஓர் எழுத்துப்பிழை திருத்தியிருந்தார்கள். வேறொன்றும் இல்லை.

இருவருமே நம்பவில்லை. மறுபடி முதல் வரியிலிருந்து படித்தோம்.