பஸ் நிறுத்தத்துப் பனிக்குடில்

கினுயோ அக்காவுக்கு எழுபது தாண்டிவிட்டது. பனித் திருவிழாக் கமிட்டியின் கணக்கில் மட்டும் அவள் இன்னும் குழந்தை. பனியைக் குவித்து, மிதித்து இறுக்கி, உள்ளே குடைந்தெடுத்த பனிக்குடிலுக்குள் குழந்தைகள் உட்கார்ந்து வழிப்போக்கர்களைக் கூப்பிட வேண்டும் என்பது முறை. எங்கள் தெருவில் குழந்தை என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. கடைசியாகப் பிறந்தவனும் செண்டாய் நகரத்துக்குப் போய் மீசை வைத்துக்கொண்டான். அதனால் பஞ்சு வைத்துத் தைத்த சட்டையை மாட்டிக்கொண்டு நாங்கள் இரண்டு கிழவிகள் உள்ளே உட்கார்ந்து, "உள்ள வாங்க, தண்ணிச்சாமிய ஒரு கும்பிடு போட்டுட்டுப் போங்க" என்று தொண்டை கிழியக் கூப்பிடுகிறோம். டோக்கியோவிலிருந்து வரும் பெண்கள் எங்களைப் படம் எடுத்துக்கொண்டு, "அழகா இருக்காங்க" என்கிறார்கள். யாரைச் சொல்கிறார்கள் என்று நாங்கள் கேட்பதில்லை.

மற்ற தெருக்களின் குடில்கள் கோயில் பக்கம் வரிசையாக இருக்கும். எங்களுடையது மட்டும் தனியாக, பஸ் நிறுத்தத்துக்கு எதிரே. அதன் வாசலும் பஸ் வரும் திசையைப் பார்த்திருக்கும். அந்தத் திசையிலிருந்துதான் காற்றும் வரும். அறிவுள்ளவர்கள் யாரும் அங்கே வாசல் வைக்க மாட்டார்கள். வட்டாரத் தலைவர் இவாசே வருஷம் தவறாமல் வந்து சொல்வார்.

"கினுயோம்மா, வாசல அந்தப் பக்கம் திருப்புங்க. பனி பூரா உள்ள வந்து அடுப்புல விழுது."

"காத்து வந்தா வரட்டும். ஆளும் அந்த வழியாத்தான் வரணும்."

ஆள் என்று அவள் சொல்வது தொகுஜியை. அவளுடைய கணவன்.

அந்தக் காலத்தில் அறுப்பு முடிந்ததும் எங்கள் ஊர் ஆண்கள் மூட்டை கட்டிக்கொண்டு டோக்கியோவுக்குக் கட்டட வேலைக்குப் போவார்கள். பனி உருகி நாற்று விடும் நேரத்தில் திரும்புவார்கள். குளிர்காலம் முழுக்க ஊரில் பெண்கள், பிள்ளைகள், கிழங்கள் மட்டும்தான். கூரையில் ஏறிப் பனி தள்ளுவதும் நாங்கள்தான். தொகுஜி என் வீட்டுக்காரர் ஜென்ஸோவோடுதான் போவார். கல்யாணமான மூன்றாவது வருஷம் இருவரும் சேர்ந்து போனார்கள். வசந்தத்தில் ஜென்ஸோ மட்டும் வந்தார். "வேற மேஸ்திரிகிட்ட மாறிட்டான், பின்னாடி வருவான்" என்றார். அதற்கு மேல் கேட்டால் கிணற்றில் போட்ட கல்தான். போலீசும் தேடிப் பார்த்தது. ஒசாகாவில் பார்த்ததாக ஒருவன் சொன்னான், கப்பலில் பார்த்ததாக இன்னொருவன் சொன்னான்.

அவள் பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. மாமனார் மாமியாரை வைத்துப் பார்த்து, அடக்கமும் செய்தாள். ஊறுகாய்க் கூட்டுறவில் முள்ளங்கியைப் புகையில் தொங்கவிடும் வேலைக்குப் போனாள். அவள் தலைமுடியில் அந்தப் புகை வாசனை இன்றைக்கும் உண்டு. சிறிய லாரியை இரண்டாம் கியரிலேயே ஊர் முழுக்க ஓட்டுவாள். தொலைக்காட்சியில் சுமோ பார்க்கும்போது தோற்கிற மல்லனைக் கெட்ட வார்த்தையில் திட்டுவாள். பாவம் என்று அவளைப் பார்த்து யாருக்கும் தோன்றாது. தோன்றினாலும் வாயைத் திறக்கப் பயம்.

மரம் அறுக்கிற தொழில் செய்த ஒரு நல்ல மனிதர் அவளைப் பெண் கேட்டு வந்தார். நான்தான் தூது போனேன்.

"வீட்டுக்காரர் இருக்கும்போது இன்னொருத்தர் எதுக்கு?" என்றாள்.

"எங்கக்கா இருக்கார்?"

"அதக் கண்டுபிடிச்சுட்டு வந்து பேசு."

ஊர் அவளை இலவு காத்த கிளி என்றது. எனக்கும் எரிச்சல்தான். ஓடிப்போன ஒருவனுக்காக ஒரு பெண் ஆயுளையே வாசலில் வைத்துக் காயப்போடுவதைப் பார்த்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது? திருவிழாவுக்கு வெளியூர் பஸ்கள் வரத் தொடங்கியதும் அவள் குடிலை நிறுத்தத்துக்கு எதிரே மாற்றினாள். "வேடிக்கை பாக்க வர்றவங்க மாதிரி வந்தாக்கூட இறங்கற இடம் இதுதானே" என்றாள்.

போன வருஷத் திருவிழா அன்று பெரிய பெரிய செதிலாகப் பனி விழுந்தது. பொழுது சாய்ந்து குடில்களில் மெழுகுவர்த்தி ஏற்றியாயிற்று. நான் அடுப்பில் சுட வைத்த அரிசிப் பலகாரக் கட்டிகளைத் திருப்பிக்கொண்டிருந்தேன். கினுயோ அக்கா வாசலில் உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பஸ் வந்து நின்றது. நகரத்து ஜனம் இறங்கியது. இறங்கிய வேகத்தில் நாலு பேர் வழுக்கி விழுந்தார்கள், வழக்கம்போல. அவர்களுக்குப் பின்னால் ஒரு கிழவர் இறங்கினார். காலில் வழவழவென்ற அடிப்பாகம் உள்ள நகரத்துக் காலணிதான். ஆனால் விழவில்லை. முழங்காலைச் சற்று மடக்கி, பாதத்தைத் தட்டையாக வைத்து, சின்னச் சின்ன அடியாக வந்தார். அந்த நடையை எங்கள் ஊர்க் குழந்தை நடக்கப் பழகும்போதே கற்றுக்கொள்ளும். வெளியூர்க்காரனுக்கு எத்தனை குளிர்காலம் ஆனாலும் வராது.

கினுயோ அக்கா சட்டைக் கழுத்தை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு, எல்லோரையும் கூப்பிடுவது போலவே, "உள்ள வாங்க, சூடா ஒரு வாய் குடிச்சுட்டுப் போங்க" என்றாள்.

அவர் தொப்பியைக் கழற்றித் தொடையில் தட்டிப் பனியை உதறிவிட்டுக் குனிந்து உள்ளே வந்தார். பின்சுவரில் குடைந்திருந்த தண்ணீர்ச்சாமியின் மாடத்தில் ஒரு ஆரஞ்சை வைத்துக் கும்பிட்டார். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் முகம் தெரிந்தது. இடது புருவத்தை இரண்டாக வெட்டிய அந்தத் தழும்பு கதிரடிக்கும் இயந்திரத்தின் பட்டை அறுந்து அடித்ததில் வந்தது. அன்றைக்குத் துணி கிழித்துக் கட்டுப் போட்டவள் நான். தொகுஜியேதான். என் கையிலிருந்த இடுக்கி அடுப்புக்குள் விழுந்தது.

குடிலுக்குள் பெயர் கேட்கக் கூடாது, ஊர் கேட்கக் கூடாது, சண்டை கூடவே கூடாது. சாமி எந்த முகத்தோடு வந்து உட்காருமென்று யார் கண்டது, அதனால் வந்தவர் யாராயிருந்தாலும் விருந்தாளி. மாமியாரும் மருமகளும்கூட அந்த ஓர் இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருப்பார்கள். அன்றைக்கு அந்த முறையை எவன் உண்டாக்கினானோ அவனை நான் மனதுக்குள் சபித்தேன்.

அவள் அரிசிப் பானத்தைக் கிண்ணத்தில் ஊற்றி இரண்டு கையாலும் நீட்டினாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

"குளிர் அதிகமா இருக்கா?" என்று கேட்டாள்.

"பழகின குளிர்தான்."

"இன்னும் ஒரு வாய் ஊத்தட்டுமா?"

"வேண்டாம்னு சொன்னா விடவா போறீங்க."

அவள் ஊற்றினாள். அவர் ஊறுகாயில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, மெல்லாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"இந்த முள்ளங்கி நீங்க போட்டதா?"

"ஆமா. வீட்ல நான் ஒருத்திதான். இருந்தாலும் ரெண்டு பேருக்குன்னுதான் போடுவேன். கை அப்படியே பழகிருச்சு."

அவர் கிண்ணத்தை எடுத்து மீதியைக் குடித்து முடித்தார். 'அடப்பாவி, எங்கே போயிருந்தாய்' என்று கேட்க வாயெடுத்தேன். கினுயோ அக்கா என்னைப் பார்த்தாள். நான் குனிந்து அடுப்புச் சாம்பலிலிருந்து இடுக்கியை எடுத்தேன்.

வெளியே பஸ் ஓட்டுநர் திரும்புகிறவர்களைக் கூப்பிட்டான். அவர் கிண்ணத்தைத் துடைத்து வைத்துவிட்டு எழுந்தார். வாசலில் குனிந்தவர் குனிந்தபடியே கொஞ்சம் நின்றார்.

"நீங்க நல்லா இருக்கணும்" என்றார்.

"வழுக்கும். பாத்துப் போங்க" என்றாள் அவள்.

பஸ் போய்விட்டது. நான் பொங்கிவிட்டேன்.

"அக்கா, அது யாருன்னு..."

"தெரியும்."

"தெரிஞ்சுமா பேசாம விட்டே? ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? உள்ள முடியாதுன்னா வெளிய போய்க் கேட்டிருக்கலாம்ல. சட்டையப் புடிச்சு உலுக்கியிருக்கலாம்ல."

"உள்ள இருந்தவரைக்கும் அவர் எனக்கு விருந்தாளி, ஹிசாயோ. வெளிய வந்துட்டா ஓடிப்போன புருஷன். எந்திரிச்சுப் பின்னாடி போகணும்னுதான் பாத்தேன். கால் வரல."

அதற்குப் பிறகுதான் அழுதாள். சத்தம் போட்டு, மூக்கைச் சிந்தி, வாசலில் எட்டிப் பார்த்த நகரத்துப் பெண்கள் பயந்து விலகிப் போகும்படி அழுதாள். அவளை அப்படி நான் அதுவரை பார்த்ததில்லை. அவர் கன்னம் ஒட்டிப்போயிருந்ததையும், கோட்டில் ஒரு பொத்தான் இல்லாததையும் சொல்லிச் சொல்லி அழுதாள். "தச்சுக் குடுத்திருக்கலாம்டி, ஒரு பொத்தான்" என்றாள்.

இந்த வருஷம் குடில் இருக்காது என்றுதான் நினைத்தேன். வரவேண்டியவர் வந்துவிட்டுப் போயாயிற்று. இவாசேயும் அந்த இடத்தில் வண்டி நிறுத்தலாம் என்று கமிட்டியில் சொல்லிவிட்டார். நேற்றுக் காலை மண்வெட்டிச் சத்தம் கேட்டு எழுந்து பார்த்தால், அதே இடத்தில் பனியைக் குவித்துக்கொண்டிருக்கிறாள் மகராசி. திருவிழாவுக்கு இன்னும் நாள் கிடக்கிறது. குவியல் அவள் தோளுக்கு வந்துவிட்டது.

"என்னக்கா இது? பாத்தாச்சு, ஆள் உயிரோட இருக்கார்னும் தெரிஞ்சாச்சு. இனியாவது வீட்டுல கணப்பு அடுப்புப் பக்கத்துல கால நீட்டிக்கிட்டு உக்காரக் கூடாதா?"

அவள் மண்வெட்டியைப் பனியில் குத்தி நிறுத்தினாள்.

"இத்தன வருஷம் லேசா இருந்துச்சுடி. வரலன்னா, செத்துட்டார் போலிருக்குன்னு சொல்லிக்குவேன். தூங்கிருவேன். இப்ப உயிரோட இருக்கார்னு தெரியும், வழியும் அவருக்கு மறக்கலன்னு தெரியும். இந்த வருஷம் வரலன்னா நான் என்னன்னு சொல்லிக்குவேன்?"

அவள் மண்வெட்டியைத் திரும்பக் கையில் எடுத்தாள்.

"நிக்காத. மேல ஏறி மிதி, இறுகட்டும்" என்றாள்.

வீட்டுக்குப் போய் ரப்பர் காலணியைப் போட்டுக்கொண்டு வந்து, குவியல் மேல் ஏறி மிதித்தேன். அவள் கீழேயிருந்து பனியை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாள். இடையில் ஒரு பஸ் வந்து நின்றது. திருவிழாவுக்கு வருகிற பஸ் இல்லை, பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர்தான் இறங்கினார். அதற்கும் அவள் மண்வெட்டியைத் தாழ்த்திவிட்டு, கதவு மூடும் வரைக்கும் பார்த்தாள்.