தவராசா அண்ணையின் வானில் ஏறியவர்கள்

தவராசா அண்ணை போயிட்டார். நேற்றுக் காலை. ஹார்ட் அட்டாக்.

அந்தச் செய்தி எனக்கு வந்த விதத்தை முதலில் சொல்லவேணும்...

வட்ஸ்அப்பில் ஒரு படம். இங்கே கனடாவில், ஸ்காபரோவில் இம்முறை நொமினேஷன் கேட்கிற எங்கள் கனவான், கோட் சூட்டோடு பல் முழுக்கத் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். அவர் போகாத பூப்புனித நீராட்டு விழா இல்லை. இதுவும் அப்படி ஒன்றாக்கும் என்று வாசிக்காமலே ஒரு தம்ஸ் அப் போட்டுவிட்டேன்.

மகள்தான் போனை வாங்கிப் பார்த்தாள். "அப்பா, இது டெத் நோட்டிஸ். நீங்க லைக் பண்ணியிருக்கிறீங்க."

பெரிதாக்கிப் பார்த்தால்... கீழ் மூலையில், தபால் முத்திரை அளவில், எங்கள் அண்ணை. "எமது வெற்றிக்காக உழைத்த மூத்த ஆதரவாளருக்குக் கண்ணீர் அஞ்சலி."

ஆதரவாளராம்.

வெளிநாட்டு நண்பர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே எலக்சனுக்கு முன்னால் கட்சிக்குள்ளே ஓர் எலக்சன் நடக்கும். தொகுதியில் இருக்கிற கட்சி மெம்பர்கள் வோட் போட்டு, யார் வேட்பாளர் என்று முடிவு செய்வார்கள். அதுதான் நொமினேஷன். அன்றைக்கு ஆட்களை ஏற்றி இறக்க வாகனம் வேண்டும். அண்ணையிடம் ஒரு பழைய வான் இருந்தது.

அண்ணையும் நானும் பாண் சுடுகிற ஃபாக்டரியில் ஒரே லைனில் நின்றவர்கள். ஒரே பில்டிங்கில் வாடகைக்கு இருந்தவர்கள்.

அவர் முதன்முதலில் வான் ஓடியது நொமினேஷனுக்கு நின்ற ஒரு ரீச்சருக்கு. தமிழ் ஆள் இல்லை. பில்டிங்காரன் வாடகையை ஏற்றியபோது லொபியில் வந்து எங்களோடு நின்ற மனுசி.

அன்றைக்கு வானுக்குள் ஜமேக்கா அன்ரி, பங்களாதேஷ் ஐயா, வேலை முடிந்து யூனிஃபோமோடு வந்த பிலிப்பினோ நேர்ஸ்... பின்சீட்டில் றோல்ஸ் சட்டியை மடியில் வைத்தபடி நான். என் அரசியல் பங்களிப்பு அவ்வளவுதான். அதிலும் இரண்டு றோல்ஸ் போய்ச் சேரவில்லை.

"சீட் பெல்ட்" என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரிக் கத்துவார் அண்ணை. எல்லோருக்கும் விளங்கும்.

பிறகு ஒரு லோயர் தம்பி நின்றார். அவருக்கும் ஓடினார்.

இந்தக் கனவான் போன மாதம் அண்ணையின் வீட்டுக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். அக்கா, அதுதான் அண்ணையின் மனைவி, தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்.

"அண்ணை, இந்த முறை எல்லாரும் எங்களோடதான்."

"எல்லாரும் எண்டால் ஆர் தம்பி?"

"கோயில் ஆக்கள், பழைய மாணவர் சங்கங்கள், ஊர்ச் சங்கங்கள், வீடு வாங்கி விக்கிற ஆக்கள்... ஒருத்தற்ற முகத்தை ஒருத்தர் பார்க்காத ஆக்களெல்லாம் ஒரே மேசையில இருக்கினம்."

"நல்லது. இந்த பில்டிங்கில ஆர்?"

"நீங்கள் இருக்கிறியள்தானே அண்ணை."

"எதிர்க்கதவில ஆர் இருக்கினம் எண்டு தெரியுமோ?"

ஆள் போனைப் பார்க்கத் தொடங்கினார்.

"தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போங்கோ தம்பி. வான் தரேலாது."

அவர் போனபிறகு நான் கேட்டேன். "ஏன் அண்ணை, எங்கட பெடியன்தானே?"

"ரீச்சருக்கு வந்த சனம் வாடகை ஏறக்கூடாது எண்டு வந்தது. லோயர் தம்பிக்கு அதில பாதி வந்தது, மிச்சம் அவர் படிச்ச பள்ளிக்கூடம். இவருக்கு வாறது வாடகைக்குக் குடுக்கிற சனம். அப்ப நான் வானில ஆரை ஏத்துறது?"

நான் இப்போது பக்கத்து ஊரான அஜக்ஸில் வீடு வாங்கி, பேஸ்மெண்டை வாடகைக்கு விட்டிருப்பவன். கோப்பைக்குள் பார்த்தேன்.

"உம்மைச் சொல்லேல்லை" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சொன்னனான்தான்" என்றார். அக்கா சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

நேற்றுப் பின்னேரம் அதே வீடு. அதே கதிரை. அக்காவின் போன் அடித்தது, ஸ்பீக்கரில் போட்டார். கனவானின் ஆட்கள்.

"அன்ரி, ஆழ்ந்த அனுதாபங்கள். வியூவிங்கில, உடலைப் பார்வைக்கு வைக்கிற நேரம், எங்கட ஆள் ரெண்டு வார்த்தை பேசுவார். அதோட... ஞாயிற்றுக்கிழமை நொமினேஷன். அங்கிளின்ர வான் சும்மாதானே நிக்குது. அவரின்ர நினைவா ஓடினால்..."

அண்ணையின் உடல் இன்னும் ஆஸ்பத்திரியில். அதற்குள் வான்.

அக்கா குரலை உயர்த்தவில்லை. "வந்து கும்பிட்டிட்டுப் போகட்டும். மைக் இல்லை. வானும் இல்லை." வைத்துவிட்டார்.

பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, அந்தப் படத்தை எடுக்கச் சொல்லும். அவர் ஓமெண்டு சொல்லாததை, இப்ப வாய் இல்லாத நேரம் சொல்ல வைக்கினம்."

கனவானின் ஆட்களுக்குப் போன் பண்ணினேன். "எல்லா குரூப்புக்கும் போயிட்டுது அண்ணை, இனி என்ன செய்யிறது? நல்லதாத்தானே எழுதியிருக்கு" என்கிறார்கள். சீ.

ஆகவே இங்கே எழுதுகிறேன். தவராசா அண்ணை அந்த ஆளின் ஆதரவாளர் இல்லை. கேட்க வந்தவருக்கு நேரேயே மாட்டேன் என்றவர். அந்தப் படத்தைப் பகிர்ந்தவர்கள் தயவுசெய்து அழித்துவிடுங்கள். என்னுடைய தம்ஸ் அப்பையும் எடுத்தாயிற்று. எடுக்கத் தெரியாமல் முதலில் ஹார்ட் போட்டுவிட்டேன், மகள்தான் சரிசெய்து தந்தாள்.

வான் திறப்பை, அதுதான் சாவியை, அக்கா என் கையில் தந்திருக்கிறார். "சனிக்கிழமை பில்டிங் ஆக்கள் அவரைப் பார்க்க வரவேணுமாம். பஸ் மாறி மாறி வரேலாதுகள். நீர் ஏத்திக்கொண்டு வாரும். ஜமேக்கா அன்ரிக்கு முன்சீட், அவவுக்குக் கால் ஏலாது."

அண்ணை... சனிக்கிழமை வான் வரும். ரீச்சருக்கு வந்த அதே சனம்தான்.

சீட் பெல்ட்டுக்கு நான் கத்துறன். நீங்கள் ஆறுதலாய்ப் படுங்கோ.